ஆச்சாக்காவின் பெயரில்

அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் யாருமில்லை. வயதில் மூத்தவர்களுக்கும் அவர் ஆச்சாக்காதான். காலையில் வந்ததும் கைப்பையை நாற்காலி முதுகில் மாட்டுவார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு ஒரு சுற்றுக் கிளம்பிவிடுவார். வரைபட அறை, அச்சு அறை, எழுத்து வெட்டுகிற பட்டறை, கடைசியாகப் பின்வாசலில் பலகை பொருத்துகிற ஆட்கள் வண்டியில் ஏணி ஏற்றும் இடம். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று ஒரே வார்த்தை கேட்பார்.

"ஆச்சா?"

அதில் அதட்டல் இருக்காது. பக்கத்து வீட்டுக் காய்ச்சல்காரரை விசாரிப்பது போல இருக்கும். "ஆன மாதிரிதான்" என்று ஒருவர் சொல்வார். "ஆயிட்டே இருக்கு" என்பார் இன்னொருவர். பட்டறையில் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அக்கா உள்ளே போகமாட்டார். சத்தத்தோடு சத்தமாகக் கத்துவது அவருக்குப் பிடிக்காது. அது நிற்கும்வரை வாசலில் நின்றிருந்து, நின்ற பிறகு கேட்பார். திரும்பிவந்து, யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கணினியில் டிராக்கரில் போடுவார். அலுவலகத்தின் எல்லா வேலைகளும் அந்த டிராக்கரில் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். அவர் சொடுக்கினால் ஓர் அட்டை 'நடக்கிறது' என்ற கட்டத்திலிருந்து 'முடிந்தது' என்ற கட்டத்துக்கு நகரும். அக்காவின் வேலை அவ்வளவுதான். பல வருடங்களாக அதைத்தான் செய்துவந்தார்.

அந்த நிறுவனம் வழிகாட்டிப் பலகைகள் செய்கிறது. பெரிய கட்டடங்களில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கழிப்பறை எங்கே, தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று சொல்லும் பலகைகள். அவற்றுக்கு வரைபடம் போடுபவருக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால்கூட, "அந்தத் துண்டு கொஞ்சம் சாயுதே" என்பார். ஆச்சாக்கா என்ற பெயரை வைத்ததும் அவர்தான். அக்காவைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

மேலாளர் ஒருநாள் கூட்டம் போட்டார்.

"இனிமே இந்தக் கேக்கற வேலையை ஏஐ அசிஸ்டென்ட் பாத்துக்கும். டிராக்கரோட அதை இணைச்சிடப் போறோம். யார்கிட்ட என்ன நிக்குதுன்னு அதுவே பார்க்கும், அதுவே கேக்கும், பதில் வந்தா அதுவே அட்டையை நகர்த்தும். அக்கா உக்காந்து பெரிய வேலை பாக்கட்டும்."

பெரிய வேலை எது என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இணைப்பதற்கு வந்தவன் கணினிப் பொறியாளன். சின்னப் பையன் போன்ற முகம், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். வயர் என்று கூப்பிட்டார்கள். கோபப்படமாட்டான். அக்காவின் மேசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, அது டிராக்கருக்குள்ள போகணும்னா ஒரு கணக்கு வேணும். தனியா வாங்கணும்னா அனுமதி, கையெழுத்துன்னு இழுத்துட்டே போகும். இப்போதைக்கு உங்க கணக்குலயே விட்டுடறேன். உங்களுக்குத்தான் எல்லா அட்டையையும் தொட உரிமை இருக்கு."

"என் கணக்குல விட்டா என்னப்பா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. அது கேக்கறப்ப நீங்க கேட்ட மாதிரி தெரியும். அவ்வளவுதான்."

"நான் கேட்ட மாதிரின்னா?"

"உங்க பழைய மெசேஜ் எல்லாம் அதுக்குப் படிக்கக் கொடுத்திருக்கேன். உங்களை மாதிரியே கேக்கும். இப்போதைக்குத்தான்கா."

இப்போதைக்கு என்று செய்தவைதான் நிலைத்துவிடுகின்றன. பின்வாசல் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இப்போதைக்கு என்று யாரோ வைத்த செங்கல், மேலே பெயிண்ட் சிந்திக் காய்ந்து, இன்னும் அங்கேயே இருக்கிறது. அக்கா கடவுச்சொல்லைத் தட்டிக்கொடுத்தார். வயர் எதையோ ஒட்டினான். திரையில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது.

மறுநாள் காலையில் அக்கா சுற்றுக்குக் கிளம்பும்முன்பே எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. எல்லாவற்றிலும் அக்காவின் பெயர். 'ஆச்சா? இல்லேன்னா சொல்லுங்க, பரவாயில்லை.' அந்தப் 'பரவாயில்லை' அக்கா எப்போதும் எழுதுவதுதான். அசிஸ்டென்ட் அதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இத்தனை நாளா பக்கத்துல நின்னு கேட்டீங்க. இப்போ பாக்கெட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டீங்களே" என்றார் மில்லிமீட்டர்.

அக்கா சிரித்தார். அன்றைக்கு ஒரு சுற்று வந்தார். போன இடத்திலெல்லாம், "இப்போதானே பதில் போட்டேன்" என்றார்கள். அடுத்த நாள் வரைபட அறையோடு திரும்பிவிட்டார். அதற்கடுத்த நாளிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மனிதருக்குக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். அசிஸ்டென்டுக்கு வலிக்காது. காலையில் கேட்டது, மதியம் கேட்டது, கிளம்புகிற நேரத்திலும் கேட்டது. பொருத்தும் ஆட்களின் தலைவன் ஏணி. ஆள் உயரம் அப்படி. ஒருநாள் அக்காவின் முன்னாலேயே போனை நீட்டிக் காட்டினான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களை அமுக்கி வெச்சுட்டேன். இனி எவ்வளவு கத்தினாலும் சத்தம் வராது."

"அட, அது எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுடா" என்றார் அச்சு அறைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்த வாரத்திலேயே பெரும்பாலானவர்கள் அவர் பெயரை அமுக்கிவிட்டார்கள். நேரம் கிடைக்கும்போது திறந்து, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் போட்டு மூடினார்கள். மேலாளர் அதைக்கூடத் திறப்பதில்லை. நேற்று எது நடந்தது, எது நின்றுபோயிருக்கிறது என்று அசிஸ்டென்ட் தினமும் காலையில் சுருக்கமாக ஒரு பக்கம் எழுதி அனுப்பும். சம்மரி என்பார்கள். காரில் வரும்போதே அதைப் படித்துவிடுவார். லீவு வேண்டுமானால்கூட இனி யாரும் போன் செய்யக்கூடாது, டிராக்கரில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறந்துபோய்ப் போன் செய்தவர்களிடம் அக்காவே, "டிராக்கர்ல போடுங்க, அதுதான் முறை" என்று சொல்லியிருக்கிறார்.

அக்காவின் இடம் அச்சு அறைக்குப் பின்னால், காகிதச் சுருள்கள் அடுக்கிய மூலையில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். யாரும் வேலையாக அந்தப் பக்கம் வரத் தேவையில்லை. அக்கா ஒரு காலை மடித்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, அட்டைகள் தாமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் பெயர் கேட்கும். யாரோ பதில் சொல்வார்கள். அட்டை நகரும். எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போயிருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவருடைய கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். மாணவர் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்திருப்பார். அது பழகிப்போய், வீட்டில் டிவி பார்க்கும்போதும் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். நாடகத்தில் யாராவது அவசரப்பட்டு வாயைத் திறந்தால் ஓர் அமுக்கு.

"அப்போ உன் பேர்ல இன்னொருத்தி கேக்கறா. சம்பளம் உனக்கா, அவளுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்போ கேக்கட்டும், விடு."

சில வாரங்கள் கழித்து, ஒரு வகுப்பின் நடுவில், அவர் பிரேக்கை அமுக்கவில்லை. ஓட்டிய பெண் தெருமுனையில் திரும்பத் தெரியாமல் நேரே போயிருக்கிறாள். கார் மெதுவாக நடைபாதையில் ஏறி, ஒரு குப்பைத்தொட்டியில் இடித்து, அணைந்து நின்றது. சார் தன்னைச் சோதிக்கிறார் என்று அந்தப் பெண் நினைத்தாளாம். "சாரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். அக்கா போய் இறங்கியபோது உள்ளே எந்தப் பக்கம் போவது என்று யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. நீலத்தில் வெள்ளை எழுத்து, 'தீவிர சிகிச்சைப் பிரிவு', இடதுபக்கம் ஓர் அம்பு. அது அவர்கள் செய்த பலகை. அந்த அம்பின் முனை மழுங்கலாக இருக்கிறது என்று மில்லிமீட்டர் திருப்பித் திருப்பி வரைந்ததும், அக்கா ஒவ்வொரு நாளும் போய் நின்று ஆச்சா என்று கேட்டதும் நினைவுக்கு வந்தன. அம்பு காட்டிய பக்கம் நடந்தார். அடுத்த திருப்பத்தில் அடுத்த அம்பு. எல்லாம் ஒழுங்காகப் பொருத்தியிருந்தார்கள்.

கதவுக்கு வெளியே நீண்ட இருக்கையில் உட்கார்ந்து, போனில் டிராக்கரைத் திறந்து, எல்லோரும் பார்க்கும் பொதுப் பகுதியில் எழுதினார். 'என் கணவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நிலைமை சரியில்லை. சில நாள்கள் வர இயலாது.'

பதில் எதுவும் வரவில்லை. ஆனால் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் கேட்காத கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஆச்சுக்கா.' 'மதியத்துக்குள்ள.' 'பெயிண்ட் இன்னும் காயல.' உள்ளே ஒரு குழாய் வழியாகக் கணவருக்குக் காற்றுப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. போன் மறுபடியும் அதிர்ந்தது. 'அக்கா, கொஞ்சம் மூச்சு விட விடுங்க.' யார் அனுப்பினார்கள் என்று பார்க்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவமனைப் படிக்கட்டில் நின்றபடி அக்கா இன்னொன்று எழுதினார். 'என் கணவர் இன்று காலமானார்.' அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரமும் இடமும் போட்டார். அதற்கும் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்லுக்காவது ஒரு சத்தம் இருக்கும்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுடைய கார்கள் தெரு நெடுக வரிசை பிசகாமல் நின்றன. நடைபாதையை ஒட்டி எப்படி நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தது அப்படியே இருந்தது. அக்கா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு மகள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உன் ஆபீஸ்லேருந்து யாரும் வரலையாம்மா?"

"வந்தாங்களே."

"எப்போ? நான் பாக்கலையே."

"நீ உள்ள படுத்திருந்த. வந்துட்டு உடனே போயிட்டாங்க."

"அந்த அளவுகோல் அங்கிளுமா?"

"அவரும்தான்."

மகள் குழாயை மூடினாள்.

அக்கா மறுபடியும் வேலைக்குப் போனார். வாசல் காவலாளி எப்போதும் போலத் தலையசைத்தார். அச்சு அறையைக் கடக்கும்போது, அங்கே இருந்தவர் மை தோய்ந்த விரலை உயர்த்தி, "வாங்கக்கா" என்றார். அக்கா ஒரு கணம் நின்றார். அச்சு அறைக்காரர் மறுபடியும் வேலையில் குனிந்துகொண்டார். அக்கா மூலைக்குப் போய்க் கைப்பையை நாற்காலியில் மாட்டினார்.

மதியம் ஏணி எதிரே வந்தான்.

"என்னக்கா, பாத்து நாளாச்சு. வீட்லேருந்தே விரட்டறீங்களா இப்போ?"

"ம்."

"கொடுத்துவெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் முகத்தில் எதையும் காணோம். அக்கா அதைப் பற்றி யோசித்தார். சிலருக்கு இழவு விசாரிக்கத் தெரியாது. என்ன சொல்வது என்று தெரியாமல் வேறு எதையாவது பேசுவார்கள். அப்படித்தான் இருக்கும். நாளைக்குக் கேட்பார்கள். எல்லோரும் வேண்டாம், யாராவது ஒருவர், ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். யாரும் கேட்கவில்லை. கோபம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. தூரத்து அறையில் யாரோ மறந்து ஓடவிட்ட மின்விசிறி போல அது இருப்பது மட்டும் தெரிந்தது.

மகள் இரவில் போன் செய்வாள்.

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க. நீ சாப்பிட்டியா?"

மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும் பெண் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்தாள். அவளுக்கு அந்த மூலைக்கு வருவது பிடிக்கும். யாரும் பார்க்காமல் இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம்.

"அக்கா, இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு போடாதது நீங்க மட்டும்தான். எங்களுக்கெல்லாம் ஒரு சளி வந்தா ரெண்டு நாள் போயிடுது."

அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். தன் பெயருக்கு நேரே எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. முதலில் புரியவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. மேலாளர் சொல்லித்தான் லீவைக் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள். வாயால் கேட்கக் கூச்சப்பட்டு, இப்படிச் செய்திருக்கிறார். மனிதர்களை நாம் அவசரப்பட்டு எடைபோட்டுவிடுகிறோம். அக்காவுக்கு நெஞ்சில் ஏதோ லேசாக இளகியது. முகத்தைக் கழுவிக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், ரொம்ப நன்றி."

"எதுக்குக்கா?"

"அந்த லீவைக் கழிக்காம விட்டதுக்கு."

"எந்த லீவு?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். அவர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கக்கா லீவு போட்டீங்க? தினமும் காலையில சம்மரியில பாக்கறேனே, உங்க பேர்லதான் எல்லாம் ஓடுது. டிராக்கர்ல ஒருத்தர் பேர்ல வேலை நடந்தா அன்னிக்கு அவங்க வந்த கணக்கு. வயர்தான் அதையும் சேத்து இணைச்சான்." சிரித்தார். "உங்களுக்கு லீவு வேணும்னா எடுத்துக்கோங்க. எங்கயாவது வெளியூர் போறீங்களா?"

"இல்ல சார். ஒண்ணுமில்ல."

வெளியே வந்து, நடையில் இருந்த தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தெரியாது. யாருக்கும் தெரியாது. அவர் எழுதியது யாரையும் போய்ச் சேரவில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு முகத்திலும் அவர் தேடியது அங்கே இருக்க வழியே இல்லை. இது நிம்மதியா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. நேரே வயரின் மேசைக்குப் போனார்.

"தம்பி, நான் டிராக்கர்ல ஒண்ணு எழுதினா அது சாருக்குப் போகாதா?"

அவன் ஹெட்போனைக் காதிலிருந்து பாதி நகர்த்தினான்.

"பொதுப் பகுதியில இருக்கும்கா. ஆனா அவர் படிக்கற சம்மரியில வராது."

"ஏன்?"

"அசிஸ்டென்ட் உங்க பேர்லதானே ஓடுது? அதனால உங்க பேர்ல எது வந்தாலும், அது தான் சொன்னதுன்னு நினைச்சுக்கும். தான் சொன்னதைத் தானே படிச்சு, அதுக்குத் தானே பதில் போட்டு, அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் போட்டு, விடிய விடிய பேசிட்டு இருக்கும். ஆரம்பத்துல ஒருநாள் அப்படித்தான் பேசுச்சு." அவனுக்கு அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. "அதான், தன் குரல் தன் காதுல விழாத மாதிரி ஒரு தடுப்பு போட்டிருக்கேன். உங்க பேர்ல வந்தா தள்ளிட்டுப் போயிடும்."

"அப்போ நான் சொல்றது?"

"நீங்க தனியா எங்கக்கா எழுதறீங்க? எல்லாம் அதுதானே எழுதுது. இருங்க, காட்டறேன்."

பொதுப் பகுதியைத் திறந்து மேலே உருட்டினான். அக்காவின் பெயர், அக்காவின் பெயர், அக்காவின் பெயர். 'ஆச்சா? இல்லேன்னா சொல்லுங்க, பரவாயில்லை.' வரி வரியாக அதுவே போய்க்கொண்டிருந்தது. மழை நாளில் ஜன்னலைப் பார்ப்பது போல இருந்தது. "பாருங்க, இதெல்லாம் அதுதான். இதுவும் அதுதான். இதுவும்..."

அவனுடைய விரல் நின்றது.

திரையை அவன் ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான். அந்த வரிக்குக் கீழேயே, அதே பெயரில், ஏணியிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆச்சா? இல்லேன்னா சொல்லுங்க, பரவாயில்லை. வயர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அதிலிருந்து ஏதோ பாட்டு சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை.

"அக்கா."

"ம்."

"நான் உங்க பேர அமுக்கி வெச்சிருந்தேன். டெஸ்ட் பண்றப்போ ரொம்ப வருதுன்னு."

"எல்லாரும்தானே வெச்சிருந்தாங்க."

"இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன். என் பேர்லேருந்து அனுப்பறேன், அது கட்டாயம் போகும்."

"வேண்டாம்பா."

"சாருக்காவது..."

"அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அதுலேருந்து என் பேரை எடு."

"எடுத்தா எல்லாம் நின்னுடும்கா. தனிக் கணக்குக்கு அனுமதி வர்ற வரைக்கும் யாருக்கும் எதுவும் போகாது. சார் திட்டுவார்."

அக்கா திரையில் இருந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி நின்றார். வயர் கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்தான். பிறகு அமைப்புகளுக்குள் போய், ஒரு பக்கத்தைத் திறந்து, துண்டிக்கவா என்று அது கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினான். பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

மறுநாள் காலை யாருடைய போனும் அதிரவில்லை. அமுக்கி வைத்தவர்களுக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கைப்பையை நாற்காலியில் மாட்டினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். காலை மடித்து உட்காரவில்லை. கிளம்பினார்.

வரைபட அறையில் மில்லிமீட்டர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து ஒரு கோட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற காலடிச் சத்தத்தைக் கேட்டதும் தலையைத் தூக்காமலேயே பதில் வந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா. அந்த அம்பு நேரா இல்ல."

அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் கண்டிப்பா. நீங்க ஏன் நடந்து வந்தீங்க? பாக்கெட்டுலயே கேட்டிருக்கலாமே."

"என் வீட்டுக்காரர் போயிட்டார்."

"எங்க போயிட்டார்?" என்று கேட்டபடி திரும்பியவர், அக்காவின் முகத்தைப் பார்த்தார். கை சுட்டியிலிருந்து விலகியது. "எப்போ?"

அக்கா சொன்னார்.

மில்லிமீட்டர் போனை எடுத்தார். அக்காவின் பெயரைத் தேடித் திறந்து, மேலே போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். போனை மேசையில் வைத்தார். பையிலிருந்த அளவுகோலை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அன்னிக்கு உங்களுக்கு, கொஞ்சம் மூச்சு விட விடுங்கன்னு எழுதினது நான்தான்."

"அப்படியா. நான் யாருன்னு பாக்கல."

அவர் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிவிட்டார். "உக்காருங்க." இத்தனை வருடங்களில் அக்கா அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். நாற்காலி அவருக்கு உயரமாக இருந்தது. மில்லிமீட்டர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசைப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள்.

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"நான் இருந்தேன். பொண்ணு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"பேசினாரா?"

"பேச்சே வரலை. கால் மட்டும் அப்பப்போ அசைஞ்சுது. வலது கால். பிரேக் அமுக்கற மாதிரி." அக்கா தன் காலைப் பார்த்தபடி சொன்னார். "அது நரம்பு தானா இழுக்கறது, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு டாக்டர் சொன்னார். எனக்கு அப்படித் தோணலை. எதையோ நிறுத்தப் பாக்கறார்னு தோணுச்சு."

மகளிடம்கூட இதை அவர் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகும் அழுகை வரவில்லை. பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். அக்கா அதைக் குடித்தார்.

"நான் வந்திருப்பேன்கா," என்றார் மில்லிமீட்டர். "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்."

"வந்தீங்கன்னுதான் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "இருங்கக்கா, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் மில்லிமீட்டர். "இல்ல, நானே போறேன்" என்று அக்கா நடந்தார். அச்சு அறையில் சொன்னார். அங்கே இருந்தவர் மை படிந்த கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைக்காமல் அப்படியே கையைக் கூப்பினார். அடுத்து பட்டறை. வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏணி உள்ளே யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தி, ஆச்சு என்று சைகை காட்டினான்.

அக்கா தலையசைத்தார். இயந்திரம் நிற்கட்டும் என்று வாசலில் நின்றுகொண்டார்.